ஒளி புகுந்த வழி

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்ற பழமொழியை அறியாதவர் நம்மில் எவருமிலர். அறிந்து வைத்திருக்கிறோமே தவிர, ஒரு காரியம் பழுதாகிவிட்டால் விசாரணை தொடங்குமுன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிறோம். இப்பழக்கம் தவறு என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: ஃபிலிம் ரோல் போட்டுப் படமெடுக்கும் பழைய கேமராக்களில் ஏற்படும் ஒளிக்கசிவு. பொருள் சிறிதே ஆயினும், அதனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழி சுமந்தார்.

எங்கள் பக்கத்தில் தந்தையின் தந்தையை அப்பாரு என்றும், அவர் மனைவியை அப்பத்தா என்றும் அழைப்போம். அவர்கள் திருமணம் 1977-ஆம் ஆண்டு வைகாசியில், இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நடந்தது. அன்று அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். ஸ்டுடியோக்காரரை அழைக்க வசதியில்லை. அப்பாருவின் தம்பி, எங்கள் சின்ன அப்பாரு, யாரிடமோ பழைய விலைக்கு வாங்கிய மடக்குக் கேமரா ஒன்றால் எட்டுப் படங்கள் எடுத்தார். எட்டிலும் இடது மேல் மூலையில் வெண்புகை படர்ந்தாற்போல் ஒரு கறை. தாலி கட்டும் படத்தில் அக்கறை அப்பத்தாவின் தந்தையார் முகத்தை அடியோடு மறைத்துவிட்டது. மறு ஆண்டே அவர் காலமானார். அவருக்கு வேறு படம் கிடையாது.

“அவசரப்பட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்துப்போட்டான்” என்று வந்தவர் போனவரெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். திறக்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அதன்பின் அவர் கேமராவைத் தொடவேயில்லை. கடந்த கோடை விடுமுறையில், பழைய தகரப் பெட்டியில் அந்தக் கேமராவும், பழுப்புக் காகித உறையில் எட்டு நெகட்டிவ்களும் என் கைக்கு வந்தன. இத்தனை ஆண்டுகளில் பிரிண்டுகளைப் பார்க்காத உறவினர் இல்லை. நெகட்டிவ்களை எடுத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

கசிவு என்பது யாது?

கேமரா என்பது ஒரு சிறிய இருட்டறை. லென்ஸ் வழியாக, ஷட்டர் திறந்து மூடும் கணத்தில் மட்டுமே ஒளி உள்ளே வரலாம். வேறு எந்த வழியாக வந்தாலும் அது கசிவு. அவ்வாறு வந்த ஒளி பட்ட இடம் நெகட்டிவில் கறுத்துத் தோன்றும். அதனாலேயே பிரிண்டில் வெளுத்துத் தோன்றும்.

ஊசிமுனை அளவுத் துளை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஷட்டர் திறந்திருப்பது வினாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். துளையோ மூடுவதேயில்லை. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பத்து நிமிடம் கேமரா வெயிலில் விரித்தபடி இருந்தால், ஷட்டரைப்போல் 60,000 மடங்கு நேரம் அத்துளை வேலை செய்கிறது. சிறு துளை பெருங்கறையாவது இவ்வாறுதான்.

நெகட்டிவிடம் கேட்கவேண்டியவை

முதல் கேள்வி: கறை படத்தின் சட்டத்துக்குள் நிற்கிறதா, ஓரத்துக்கும் பரவுகிறதா? கேமராவினுள் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு செவ்வகச் சட்டம் இருக்கிறது. லென்ஸ் பக்கமிருந்து வரும் ஒளி அச்சட்டத்தின் வழியாகவே ஃபிலிமை அடையும். ஆதலால் அதன் கறை சட்ட எல்லையில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். பின்கதவின் இடுக்கில் நுழைந்த ஒளிக்கு அந்தத் தடை இல்லை. அது படத்தைத் தாண்டி, வெறும் ஓரத்திலும், 35 மில்லிமீட்டர் ஃபிலிமானால் பல்சக்கரத் துளைகளின் மீதும் பரவும். இந்த ஒரு கேள்வியே பாதி வழக்கை முடித்துவிடும். பிரிண்டில் ஓரம் வெட்டப்பட்டுவிடுவதால், அதற்கு விடை நெகட்டிவில் மட்டுமே உண்டு.

இரண்டாம் கேள்வி: எல்லாப் படங்களிலும் கறை ஒரே இடத்தில் இருக்கிறதா? இருந்தால் பழுது கேமராவில் நிலையாக இருக்கிறது. ரோலின் தொடக்கத்தில் மட்டும் இருந்தால், வெயிலில் நின்று ரோல் போட்டிருக்கிறார்கள் என்பது பொருள். சூரியனை நோக்கிய படங்களில் மட்டும் இருந்தால் அது கசிவே அன்று; லென்ஸின் கண்ணாடிப் பரப்புகளில் ஒளி பட்டுச் சிதறியது. அதற்குக் கேமராவைப் பழுதுபார்ப்பதைவிட லென்ஸுக்கு மேல் கைநிழல் பிடிப்பதே மருந்து.

மூன்றாம் கேள்வி: கறையின் கருமை எல்லாவற்றிலும் ஒரே அளவா? கூடிக் குறைந்தால், எந்தப் படத்திற்கு முன் கேமரா வெளியில் அதிக நேரம் காத்திருந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். காத்திருந்த நேரத்திற்கேற்பக் கறை வளர்ந்திருந்தால் ஐயம் தீர்ந்தது.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. ஃபிலிமில் உருவம் தலைகீழாக, இடவலம் மாறி விழுகிறது. பிரிண்டின் மேற்புறக் கறை, கேமராவுக்குள் ஃபிலிமின் கீழ்ப்புறத்தில் விழுந்த ஒளி. இதை மறந்தவர் கதவின் மேல் விளிம்பை ஒட்டிக்கொண்டிருப்பார். ஒளியோ கீழ் விளிம்பில் வந்துகொண்டிருக்கும்.

வண்ணச் சுருளானால் நிறமும் சாட்சி சொல்லும். வண்ண நெகட்டிவில் சிவப்பை உணரும் படலம் அடியில், தாங்குதளத்தை ஒட்டியிருக்கிறது. பின்புறமிருந்து நுழையும் ஒளி முதலில் அதைத் தாக்குவதால், பின்கதவுக் கசிவு பிரிண்டில் பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சுமான தீற்றலாகத் தெரியும்.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III போன்ற எளிய கேமராக்கள் ஒரு காலத்தில் நம் நடுத்தர வீடுகளின் பரண்வரை ஏறியிருந்தன. 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். பட எண்ணைப் பார்க்கப் பின்னால் சிவப்புக் கண்ணாடி சன்னல் உண்டு. சிவப்பொளியை உணராத ஆர்த்தோ வகை ஃபிலிம் வழங்கிய நாளில் பிறந்த ஏற்பாடு அது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் போட்டால் அச்சன்னலே ஓர் ஓட்டையாகிறது. படத்தின் நடுவே வட்டக் கறையோ, பின்தாளின் எண்ணோ பதிந்திருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். சன்னல்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் நீக்கினால் போதும்.

துணி ஷட்டர் உள்ள கேமராவை மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்துவிட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல லென்ஸே துணியைப் பொசுக்கித் துளையிட்டுவிடும். அதன் அடையாளம் படத்துக்குப் படம் வரும் சிறு புள்ளி. இவையன்றி, காலாவதியான ஃபிலிமின் பொதுமங்கலும், கழுவும்போது மருந்தைச் சீராக அசைக்காததால் துளைகளின் அருகே விழும் கோடுகளும் கசிவைப்போல வேடமிட்டு வருபவை. ஆகவே ஒரு கறையைக் கண்டதும் கேமராவைக் குற்றம் சொல்வதும் அவசரமே. மனிதரைக் குற்றம் சொல்வது அதனினும் அவசரம்.

தண்ணீர்த் தொட்டியும் டார்ச் விளக்கும்

இவ்வகைச் சோதனை நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. லாரிகள் நிறைந்த நாமக்கல் சாலையில் எந்தப் பஞ்சர் கடைக்கும் சென்று பாருங்கள். டியூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே அவர் பசையைத் தொடுவார். டயரைப் பார்த்து ஊகத்தில் ஒட்டுப்போடுபவர் கடை நாலு நாள் நடக்காது. கோழிப்பண்ணை முட்டையை விளக்கொளிக்கு நேராகப் பிடித்தால், கைக்குத் தட்டுப்படாத விரிசலும் ஒளிக்கோடாகத் தெரிந்துவிடும். கேமராவுக்கும் அதே முறைதான். தண்ணீருக்குப் பதில் ஒளி. குமிழிக்குப் பதில் மின்னும் புள்ளி.

முழு இருட்டான அறையில் பத்து நிமிடம் அமர்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க நினைப்பவர்களுக்குத்தான் துளை தெரிவதில்லை. பிறகு சிறு டார்ச்சைக் கேமராவுக்குள் வைத்துக் கதவை மூடி, கதவின் விளிம்பு, கீல், பூட்டு ஆகியவற்றைச் சுற்றிவரப் பார்க்கவேண்டும். மடக்குக் கேமராவானால் பின்கதவைத் திறந்து, துருத்திபோல் விரியும் தோல் பகுதிக்குள், அதாவது ஸ்டுடியோக்காரர்கள் பெல்லோஸ் என்பதற்குள், டார்ச்சை மடிப்பு மடிப்பாக நகர்த்தவேண்டும். மூலைகளே முதலில் தேயும் இடங்கள்.

அதிலும் தெளியாவிட்டால் ஒரு ரோலைச் சோதனைக்கென்றே செலவிடலாம். லென்ஸை மூடிவிட்டு, கேமராவின் எல்லா இடுக்குகளுக்கும் கறுப்பு டேப் ஒட்டி, ஒரு படம் நகர்த்தி வெயிலில் ஐந்து நிமிடம் வைக்கவும். அடுத்த படத்திற்குக் கீல் பக்க டேப்பை மட்டும் நீக்கவும். அதற்கடுத்ததற்குக் கீலை மூடிவிட்டுப் பூட்டுப் பக்கத்தை மட்டும் திறக்கவும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதவும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்பதே விதி. நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஆசிரியர்கள் சலிக்காமல் சொல்லும் விதியும் இதுவே.

பழுதைக் கண்டபின் மருந்து எளிது. 1970களின் ஜப்பானியக் கேமராக்கள் பலவற்றில் கதவின் பள்ளத்தில் ஃபோம் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஆண்டுகள் செல்ல அது தார்போல் இளகி உதிர்கிறது. ஸ்பிரிட் தொட்ட குச்சியால் அதைச் சுரண்டி, ஷட்டர்மேல் விழாமல் துடைத்து, கறுப்புக் கம்பளி நூலையோ புதிய பட்டையையோ பள்ளத்தில் இடலாம். பெல்லோஸின் துளைக்குக் கறுப்புத் துணிச்சாயத்தைப் பசையோடு கலந்து மெல்லப் பூசலாம். காய்ந்து இறுகும் நகப்பூச்சு ஆகாது, மடிக்கும்போது வெடிக்கும். நம் சமவெளியின் வறண்ட கோடையில் மடித்தே வைத்த தோல் விறைத்துப்போவதால், பழைய மடக்குக் கேமராவை முதன்முறை விரிக்கும்போது மெல்ல விரிக்கவேண்டும்.

எட்டு நெகட்டிவ்களின் வாக்குமூலம்

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். சின்ன அப்பாரு கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒளி ரோலின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பாய்ந்திருக்கும். படங்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களும் ஓரங்களும் கறுத்திருக்கும். கறை ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓடியிருக்கும். நெகட்டிவ்களில் அப்படி இல்லை. ஓரங்கள் எட்டும் தெளிவாக இருக்கின்றன. கறை ஒவ்வொன்றிலும் அதே மூலையில், சட்டத்துக்குள் அடங்கி நிற்கிறது. வீட்டுக்குள் எடுத்த இரண்டு படங்களில் அது மெல்லிய நிழல். பந்தலுக்கு வெளியே முகூர்த்தத்திற்காகக் காத்திருந்து எடுத்த தாலிப் படத்தில்தான் மிகக் கருமை.

டார்ச் சோதனையில், பெல்லோஸின் மேல் மூலையில், கேமராவைப் பிடிப்பவரின் இடப்பக்கமாக, இரண்டு புள்ளிகள் விண்மீன்போல் மின்னின. அங்கு நுழையும் வெயில் குறுக்கே பாய்ந்து ஃபிலிமின் கீழ் வலப்புறம் விழும். உருவமும் தலைகீழாகவே விழுவதால், பிரிண்டில் அது இடது மேல் மூலையாகும். கறை இருந்ததும் அங்கேதான்.

நண்பர் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டார்: “இத்துளை 1977-க்குப் பிறகு, பெட்டிக்குள் கிடந்தபோது விழுந்திருக்கலாம் அல்லவா?” நியாயமான கேள்வி. டார்ச் இன்றைய துளையைத்தான் காட்டும். அன்றைய துளைக்கு அது சாட்சியாகாது. ஆனால் நெகட்டிவ் அன்றே எழுதப்பட்ட வாக்குமூலம். அது தனியாக நின்றே கதவு திறக்கப்படவில்லை என்கிறது. டார்ச் சொல்வதும் அதனோடு இடம் தவறாமல் பொருந்துகிறது. ஒரு முடிவுக்கு இதற்குமேல் சான்று கேட்பது அழகன்று.

விசாரித்ததில் இன்னொரு பயனும் கிடைத்தது. பிரிண்டில் வெறும் வெண்மையாகிவிட்ட இடத்தில், நெகட்டிவின் கருமைக்குள் உருவம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. அச்சுத்தாள் ஏற்கும் ஒளிவேறுபாட்டைவிட நெகட்டிவ் தாங்கும் வேறுபாடு அதிகம். வலுவான விளக்கின்மேல் வைத்துப் பிரதியெடுத்தபோது, மங்கலாக ஒரு தலைப்பாகையும் நரைத்த மீசையும் தெரிந்தன. அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “எங்கப்பன்தான்” என்றார். சற்றுக் கழித்து, “உங்க சின்ன அப்பாரைக் கூப்பிட்டு வா” என்றார். அவர் வந்தார். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது அவர் என்னிடம் சொன்னது இவ்வளவே: “அன்னைக்கு வெயில் சாஸ்தி, கண்ணு. நானும் மடிச்சு வைக்காம விட்டுப்போட்டேன்.”

இன்றைக்கு இது எதற்கு?

கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கும் காலத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. உதகமண்டலத்தில் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் ஓய்ந்துவிட்டது. நம் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’, 1956-இல் கேவா கலரில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ போன்றவற்றைத் தந்த இடம். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவுதான் மிஞ்சியிருக்கிறது. அங்கே இருட்டில் விரல்களை மட்டும் நம்பி ஃபிலிம் ஏற்றிய உதவியாளர்கள் பலரின் பெயரை நாம் அறியோம். ஒரு கீற்று ஒளி புகுந்தால் அன்றைய படப்பிடிப்பே வீண் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கவனம் ஒரு தொழிலோடு போய்விடவேண்டிய குணமன்று.

சிலர் வேறு திசையில் செல்கிறார்கள். 1982-இல் ஹாங்காங்கில் வெளிவந்த ஹோல்கா என்னும் மலிவுக் கேமராவின் கசிவுகளே ஓர் அழகாகக் கொண்டாடப்பட்டன. இன்று கைப்பேசிப் படத்திலும் பொய்க் கசிவைப் பூசிப் பழமை காட்டுகிறார்கள். அவரவர் விருப்பத்தை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கறைக்குக் காரணம் இல்லை. ஆதலால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. உண்மையான கறை ஒவ்வொன்றும் தான் வந்த வழியைத் தானே எழுதி வைத்திருக்கிறது. படிப்பவர்தாம் வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கேமரா இருந்தால், பழையது என்பதற்காகவே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிரிண்டுகளை வைத்துக்கொண்டு நெகட்டிவ்களைக் குப்பையில் கொட்டாதீர்கள். நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறையின் இருட்டறையை மாதம் ஒரு சனிக்கிழமை திறந்துவிட்டால், மாணவர் கொண்டுவரும் கேமராக்களையும் நெகட்டிவ்களையும் அங்கே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டார்ச், ஒரு சுருள் கறுப்பு டேப், ஒரு நோட்டு, பெரிய செலவில்லை. தேர்வுக்கு மதிப்பெண் கிடைக்காது. தீர்ப்புச் சொல்லுமுன் சான்றைத் தேடும் பழக்கம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் சான்று ஒரு பழுப்பு உறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை ஒருவரும் செலவிடாததற்கு, குற்றமற்ற ஒருவர் தம் வாழ்நாளில் பாதியைக் கொடுத்தார். அடுத்த முறை எது பழுதானாலும், யார் செய்தது என்று கேட்குமுன், ஒளி எந்த வழியாகப் புகுந்தது என்று கேட்போமாக.